அன்னையர்க்கும் ஆங்கிலம்

முதியோர் எழுதப்படாத சிலேட்டுகள் அல்லர், அனுபவம் நிறைந்தவர்கள். 1991-இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். அன்றாட வாழ்வுக்குப் பயன்படுவதையே பெரியவர்கள் ஆர்வத்துடன் கற்பர்.

ஆங்கிலமும் அவ்வாறே. காங்கேயத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செல்லும் அன்னை ‘கட்டிங்’, ‘செக்கிங்’, ‘பேக்கிங்’ என நாள்தோறும் சொல்கிறார். அவை ஆங்கிலச் சொற்களே! அவர் வாயிலுள்ள சொல்லை முதலில் எழுதிக் காட்டுவோம். பிறகு ‘ஐ கட் தி கிளாத்’ என வாக்கியமாக்குவோம். இலக்கணம் மெல்ல வரட்டும்.

அவர் தவறினால் நாம் நகைத்தல் ஆகாது. வெட்கப்பட்டவர் மறுநாள் புத்தகத்தைத் தொடமாட்டார். நமக்கு முதற்சொல் கற்பித்தவர்க்கு மாலையில் அரைமணி நேரம் ஒதுக்க மாட்டோமா, தோழியரே?