எம்.பி.எட். ஆய்வேடு: பயிற்சியாளர் எங்கே போனார்?

எந்த உடற்கல்விக் கல்லூரியானாலும் நூலகத்தில் பழைய ஆய்வேடுகள் அடுக்கிய அலமாரி ஒன்று இருக்கும். தலைப்புத் தேடும் மாணவர் முதலில் போய் நிற்பது அங்கேதான். “கல்லூரிக் கபடி வீரர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உடற்தகுதி மாறிகளில் பிளையோமெட்ரிக் பயிற்சியின் விளைவு” என்பது போல ஒன்று கிடைக்கும். கபடியை எடுத்துவிட்டு வாலிபால் போட்டால் புதுத் தலைப்பு தயார். குழுவுக்குப் பதினைந்து பேர், பன்னிரண்டு வாரப் பயிற்சி, கடைசியில் ஷெஃபே சோதனை. பயிற்சி செய்த குழு முன்னேறியது, சும்மா இருந்த குழு அப்படியே இருந்தது என்று முடிவும் முன்கூட்டியே தெரியும். சும்மா இருப்பவனைவிட ஓடுகிறவனுக்குத் தெம்பு கூடும் என்பதைச் சொல்ல ஓர் ஆய்வேடு வேண்டியதில்லை.

உங்கள் துறை விளையாட்டுப் பயிற்சியளிப்பு என்றால், உங்கள் ஆய்வில் பயிற்சியாளர் என்று ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவர் தினமும் எதையோ தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்விலிருந்து உங்கள் கேள்வி பிறக்கட்டும். கபடியில் முப்பது விநாடி டைம் அவுட்டில் கோச் எத்தனை விஷயம் சொல்கிறார்? அதில் எதை அடுத்த ரெய்டில் பையன்கள் செய்கிறார்கள்? டூ ஆர் டை ரெய்டுக்கு ஆளை அனுப்பும்போது எதைப் பார்த்து முடிவு செய்கிறார்? பயிற்சிகளை ஒப்பிடும் ஆய்வுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், அதையும் செய்யலாம். ஆனால் எதிர்க்குழுவைச் சும்மா உட்காரவைக்காதீர்கள். அந்தக் கோச் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சியே எதிர்க்குழுவாக இருக்கட்டும். எதை விட்டு எதை எடுப்பது என்பதுதானே அவருக்குத் தெரிய வேண்டியது?

பயிற்சியாளரைக் கவனிப்பது எப்படி ஆய்வாகும் என்று தயங்குபவர்களுக்கு ஒரு பழைய உதாரணம். அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு ஜான் வுடன் பயிற்சியாளராக இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தேசியப் பட்டம் வென்ற அணி அது. 1974–75, அவருடைய கடைசி சீசன். ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கல்லிமோர் என்ற இரு உளவியலாளர்கள் பதினைந்து பயிற்சி வேளைகளில் ஓரமாக உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் வகை பிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 செயல்கள். அதில் பாதி, என்ன செய்வது, எப்படிச் செய்வது என்ற நேரடி அறிவுரை. வெறும் பாராட்டு ஏழு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தட்டிக்கொடுத்தே வளர்க்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எண்ணிக்கைக்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. 2004இல் அதே இருவரும் தங்கள் பழைய ஆய்வைத் திரும்ப எடுத்துப் பார்த்து, எதை விட்டுவிட்டோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஒவ்வொரு நாள் பயிற்சிக்கும் வுடன் போட்ட திட்டத்தை அவர்கள் அப்போது ஆராயவில்லை. அவர் சுருக்கமாகப் பேசியதற்குக் காரணம், பேசுவதற்கு முன்பே யோசித்து முடித்திருந்ததுதான். ஆகவே எண்ணுவதோடு நிற்காதீர்கள். கோச்சின் பயிற்சி நோட்டைக் கேட்டு வாங்குங்கள். வீரர்கள் நான்கைந்து பேரை உட்காரவைத்துப் பேசுங்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான கவனிப்புப் படிவம் போன்றவை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரு செல்போனும், கோச் சட்டையில் மாட்ட ஒரு சின்ன மைக்கும் போதும். அதே வீடியோவை ஒரு வாரம் கழித்து நீங்களே மறுபடி குறித்துப் பாருங்கள். நண்பர் ஒருவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டும் 80 சதவீதமாவது ஒத்துப்போகாவிட்டால் வகைகளின் வரையறை தெளிவில்லை என்று பொருள்.

உடற்தகுதியை அளந்தே தீருவேன் என்பவர்களுக்கு: ஸ்டாப்வாட்சை நம்பாதீர்கள். கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டி வந்தால் குறுந்தூர ஓட்டத்தில் 0.24 விநாடி கூட்டிக்கொள்வது தடகளத்தில் நெடுநாள் வழக்கம். கை அவ்வளவு பிந்தும். இந்த நிலையில் 50 மீட்டர் ஓட்டம் 0.1 விநாடி குறைந்தது என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுவதில் என்ன இருக்கிறது? பயிற்சி தொடங்குமுன் அதே பையன்களை இரண்டு நாள் இடைவெளியில் இரு முறை ஓடவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் வரும் வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 1.41ஆல் வகுத்தால் கிடைப்பது உங்கள் அளவீட்டுப் பிழை. அதைத் தாண்டாத முன்னேற்றத்தைப் பற்றிப் பெருமை பேசாதீர்கள்.

எண்ணிக்கையும் அப்படித்தான். இரு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். முன்சோதனை மதிப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் இது குறையும். என்றாலும் பதினைந்துக்கு இறங்குவது அரிது. பதினைந்து பேரை வைத்தால் அத்தகைய வேறுபாடு நான்கில் ஒரு முறைதான் கண்ணில் படும். உங்களிடம் இருப்பது ஒரே ஓர் அணி என்றால் அதை மூன்று துண்டாக்குவதற்குப் பதில் ஒவ்வொரு வீரரையும் வாராவாரம் தொடர்ந்து அளந்து, மாற்றத்தை ஆளுக்கொரு வாரத்தில் தொடங்குங்கள். யாரிடம் எப்போது தொடங்கினீர்களோ அப்போதுதான் கோடு திரும்புகிறதா என்று பாருங்கள். வரைபடமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தால் பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் இரண்டும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களில் இது தெளிவாகவே இருக்கிறது. அதிகம் பேசப்படாத சிக்கல் இன்னொன்று. நீங்களே அந்த அணிக்குக் கோச் என்றால், ‘முடியாது சார்’ என்று எந்தப் பையனும் உங்களிடம் சொல்ல மாட்டான். டீமில் இடம் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். படிவத்தை வேறொருவர் கொடுக்கட்டும். யார் மறுத்தார்கள் என்பது அணித் தேர்வு முடியும்வரை உங்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். தை பிறந்தால் ஊருக்கு ஊர் பரிசுப் பணத்தோடு கபடிப் போட்டி நடக்கும். உங்கள் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள். அதன்பின் தேர்வு, அதன்பின் வெயில். நான்காம் பருவத்தில் கொடுக்க வேண்டிய ஆய்வேட்டுக்கு இரண்டாம் பருவ முடிவிலேயே கேள்வியை உறுதி செய்து, மூன்றாவதில் தரவை எடுத்துவிடுங்கள். நடுவில் விலகியவர்களை மறைக்காமல், எத்தனை பேர், ஏன் என்று எழுதுங்கள்.

இலக்கிய மீளாய்வைப் பிறர் ஏட்டிலிருந்து அள்ளிப் போடுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

வைவாவுக்குப் போகும்போது கையால் குறித்த மூலத் தாள்களைப் பையில் எடுத்துப் போங்கள். மழையில் நனைந்தது, பேனா மாறியது, பாதியில் ஒருவன் கால் பிசகி உட்கார்ந்தது எல்லாம் அதில் இருக்கும். அச்சடித்த அட்டவணையைவிட அந்தத் தாள்களைத்தான் நான் முதலில் கேட்பேன்.