ஹார்டு டிஸ்க்கை கம்ப்யூட்டர் கண்டுக்கலையா? பதறாம இந்த வரிசையில பாரு

தங்கச்சி, தம்பி, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கல்யாண வீடியோ, குழந்தையோட முதல் பிறந்தநாள் போட்டோ, காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குல போட்டு பீரோவுல வெச்சிருப்போம். ஒரு நாள் லேப்டாப்புல செருகினா ஒண்ணுமே வராது. அப்போ மனசுல வெச்சுக்க வேண்டியது இதுதான்: டிஸ்க்கைத் திரும்ப வாங்கிடலாம், உள்ளே இருக்கிறதை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. அதனால டிஸ்க்குல எதையும் எழுதாத, மாத்தாத சோதனைகள் முதல்ல. மத்ததெல்லாம் அப்புறம்.

1. முதல்ல சத்தத்தைக் கேளு

டிஸ்க்கை மேசை மேல வெச்சுச் செருகிட்டு, காதைக் கிட்ட கொண்டு போ. சுத்துற டிஸ்க்கைக் கையில தூக்காதே. மெல்லிய சுழற்சிச் சத்தமும் லேசான அதிர்வும் இருந்தா நல்ல அறிகுறி. 'டக், டக்'னு ஒரே மாதிரி தட்டிக்கிட்டே இருந்தா, தகவலைப் படிக்கிற ஹெட் பழுதாகியிருக்கலாம். உடனே கழட்டிட்டு நேரா 7-வது டிப்ஸுக்குப் போ. அந்த நிலையில ஒவ்வொரு முறை செருகும்போதும் சேதம் கூடும். உன்னோடது எஸ்எஸ்டின்னா சத்தமே வராது, அது இயல்பு.

2. கேபிளை மாத்து, போர்ட்டை மாத்து

டிஸ்க் நல்லாயிருந்தும் கேபிள் பழுதாகிப் போறது ரொம்ப சகஜம். பையில மடிச்சு மடிச்சு வெச்சு உள் கம்பி அறுந்திருக்கும். வேற கேபிள் போடும்போது, போன் சார்ஜுக்கு மட்டுமே பயன்படுற கேபிளா இல்லாம பார்த்துக்கோ. அதுல கரண்ட் போகும், தகவல் போகாது. விளக்கு எரியும், டிஸ்க் தெரியாது. ஹப் வழியா செருகாம நேரா லேப்டாப்புல செருகு. டெஸ்க்டாப்னா கேபினட் பின்பக்கம் இருக்கிற போர்ட் நல்லது. அது மதர்போர்டுலயே இருக்கு. முன்பக்கப் போர்ட் உள்ளே ஒரு வயர் வழியா வருது.

3. கரண்ட் போதுமான்னு பாரு

கைக்கு அடக்கமான 2.5 இன்ச் டிஸ்க்குக்கு மின்சாரமும் யூஎஸ்பி வழியாத்தான் வருது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைக்கும் தரும், 3.0 போர்ட் 900 வரைக்கும். சுத்தத் தொடங்கும்போதுதான் டிஸ்க் அதிகமா இழுக்கும். அப்போ பத்தலைன்னா விளக்கு மட்டும் எரியும், சில டிஸ்க் 'பீப்'னு முனகும். 3.0 போர்ட் பல கம்ப்யூட்டர்ல உள்ளே நீல நிறத்துல இருக்கும், அதுல செருகிப் பாரு. பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு, பெரும்பாலும் 12 வோல்ட். பின் பொருந்துதேன்னு வேற அடாப்டரைச் செருகிடாதே. வோல்ட் அதிகமானா சர்க்யூட் எரிஞ்சுடும்.

4. இன்னொரு கம்ப்யூட்டர்ல போடு

அங்கே வேலை செஞ்சா டிஸ்க்குல குறையில்லை. உடனே முக்கியமானதையெல்லாம் அந்த கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணிட்டு, அப்புறமா உன் லேப்டாப்பை ஆராய்ச்சி பண்ணு. இது மேக்ல தயார் பண்ணின டிஸ்க்கான்னும் விசாரி. மேக்கோட ஏபிஎஃப்எஸ் முறையை விண்டோஸ் தானாப் படிக்காது. டிஸ்க்கும் ஃபைலும் பத்திரமாவே இருக்கும்.

5. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திற

ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணினா 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வரும். அங்கே என்ன தெரியுதோ அதை வெச்சு முடிவு பண்ணு.

டிஸ்க் இருக்கு, 'ஹெல்தி'ன்னும் இருக்கு, ஆனா ஈ, எஃப் மாதிரி எழுத்து இல்லைன்னா: ரைட் கிளிக் பண்ணி 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' போய் ஒரு எழுத்து கொடு. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது.

'ஆஃப்லைன்'னு இருந்தா: ரைட் கிளிக் பண்ணி 'ஆன்லைன்' கொடு.

'ரா'ன்னு இருந்தா: ஃபைல் எங்கெங்கே இருக்குங்கிற கணக்கு கெட்டுப்போயிருக்கு. ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். 6-வது டிப்ஸைப் பாரு.

'இனிஷியலைஸ்' பண்ணவான்னு கேட்டா: புது டிஸ்க்னா சரி சொல்லு. பழைய ஃபைல் இருக்கிற டிஸ்க்னா கேன்சல்.

டிஸ்க்கே தெரியலைன்னா: 'டிவைஸ் மேனேஜர்' போ. மஞ்சள் முக்கோணம் தெரிஞ்சா அதை 'அன்இன்ஸ்டால்' பண்ணி, டிஸ்க்கைக் கழட்டி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி, மறுபடி செருகு. அழியறது டிரைவர்தான், ஃபைல் இல்லை.

6. ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டா, வேணாம்

'ஃபார்மேட் பண்ணினாத்தான் பயன்படுத்த முடியும்'னு விண்டோஸ் கேட்கும். கேன்சல் கொடு. 'செக்டிஸ்க் ஓட்டு, சரியாயிடும்'னு யாராவது சொல்வாங்க. அது டிஸ்க்குல எழுதி மாத்துற வேலை. ஃபைலை மீட்ட பிறகுதான் அதைத் தொடணும். டிஸ்க் நல்லாச் சுத்துது, 'ரா'ன்னு மட்டும் காட்டுதுன்னா, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக்னு ஃபைலை மீட்கிற மென்பொருள் ரெண்டு இலவசமாக் கிடைக்குது. மீட்கிற ஃபைலை எப்பவும் வேற டிஸ்க்குல சேமி. அதே டிஸ்க்குல சேமிச்சா, இன்னும் மீட்காத ஃபைல் மேலேயே எழுதிடும்.

7. இதையெல்லாம் செய்யவே செய்யாதே

ஃப்ரீசர்ல வைக்காதே. ஈரம் கோக்கும். கையால தட்டாதே. மூடியைத் திறக்காதே. உள்ளே சுத்துற தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடியோட தடிமனைவிட பல ஆயிரம் மடங்கு சின்னது. ஒரு தூசி போதும், தட்டுல கீறல் விழ. 'டக், டக்' சத்தம் போடுற டிஸ்க்கையும் கீழே விழுந்த டிஸ்க்கையும் தூசியில்லாத கிளீன் ரூம் வெச்சிருக்கிற டேட்டா ரெக்கவரி இடத்துக்குத்தான் கொண்டு போகணும். சோதனைக்கு எவ்வளவு, மீட்க முடியலைன்னா எவ்வளவுன்னு முதல்லயே எழுதி வாங்கிக்கோ.

8. இனிமேல் இப்படி நடக்காம இருக்க

காப்பி ஓடும்போது பிடுங்காதே. 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துட்டுக் கழட்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டும். அதுல 'காஷன்' வந்தா அன்னைக்கே புது டிஸ்க் வாங்கிடு.

எல்லாத்துக்கும் மேல, 3-2-1 கணக்கைப் பழக்கமாக்கிக்கோ: மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே. லேப்டாப்புல ஒண்ணு, டிஸ்க்குல ஒண்ணு, கிளவுட்லயோ அம்மா வீட்டுலயோ ஒண்ணு. எந்த டிஸ்க்கும் என்னைக்காவது ஒரு நாள் நின்னுதான் போகும். உன்னோடது இன்னைக்கு நல்லாச் சுத்திக்கிட்டிருந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே ரெண்டாவது காப்பி போட்டுடு.