கூட்ஸ் எஞ்சினும் சரக்குக் கட்டணமும்

பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ நாம் கொள்முதல் செய்யும் மிளகாய் வற்றலுக்கு விலை இரண்டு இடத்தில் ஏறுகிறது. ஒன்று மண்டியில், மற்றொன்று வழியில். மண்டி விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், வழிச் செலவை மட்டும் லாரி செட்டில் சொன்ன தொகையாகவே எழுதிக் கொள்கிறோம். அந்தச் செலவு எப்படி உருவாகிறது என்பதை அறியப் பழைய நீராவி கூட்ஸ் எஞ்சின் நல்ல பாடம். தராசு பிடித்துப் பழகியவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து மண்டபம் வரை மீட்டர் கேஜ் பாதையை 1902ல் திறந்தது. பாம்பனிலிருந்து ராமேஸ்வரத்துக்கு 1906ல் ரயில் வந்தது. நடுவில் கடல். மண்டபத்தில் வேகனிலிருந்து இறக்கி, படகில் ஏற்றி, பாம்பனில் இறக்கி, மறுபடியும் வேகனில் ஏற்ற வேண்டும். இரண்டு மைலுக்கும் குறைவான தண்ணீருக்காக ஒரு மூட்டை நான்கு கை மாறியது. கைக்கு ஒரு கூலி. அரிசியானால் சிந்தல், உப்பானால் கரைவு, கருவாடானால் ஈரம். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் மதுரையில் ஏற்றிய சரக்கு வேகன் மாறாமல் தீவுக்குப் போனது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் அதே ஆண்டு தொடங்கியது.

இனி எஞ்சினுக்கு வருவோம். பயணிகள் எஞ்சினும் கூட்ஸ் எஞ்சினும் வேறு வேறு பிறவி. இதைத் தெளிவாகக் காட்டிய நாடு 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சு. (பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுச்சேரிக்கு 1879ல் வந்த ரயிலை ஓட்டியது பிரெஞ்சுக்காரர் அல்ல, இதே தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான்.) அங்கே விரைவு வண்டிகளை இழுத்தது ஆங்கிலேயரான கிராம்ப்டன் வடிவமைத்த எஞ்சின். அதன் ஓட்டும் சக்கரம் ஆளை மிஞ்சிய உயரம், இரண்டு மீட்டருக்கு மேல். அப்படி ஒரே ஒரு ஜோடிதான். சரக்கு வண்டிகளுக்கோ ‘பூர்போனே’ என்ற வகை 1850களில் வந்தது. 1.30 மீட்டர் உயரச் சிறிய சக்கரங்கள், மூன்று ஜோடி, மூன்றும் தண்டினால் பிணைக்கப்பட்டவை. பார்வைக்கு அழகில்லாத இந்த எஞ்சின் ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது.

சக்கரம் ஏன் சிறிது? பிஸ்டன் ஒருமுறை போய் வந்தால் சக்கரம் ஒரு சுற்று. பெரிய சக்கரம் அந்தச் சுற்றில் ஆறரை மீட்டர் ஓடிவிடும். சிறியது நான்கு மீட்டர்தான் நகரும். அதே நீராவி குறைந்த தூரத்துக்குச் செலவாவதால் இழுப்பு கூடுகிறது. கிணற்று உருளையில் கைப்பிடி நீளமாகவும் உருளை சிறியதாகவும் இருந்தால் கனமான வாளியும் ஏறுவது போலத்தான்.

பிணைத்தது ஏன்? இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும். சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரைதான் வழுக்காமல் இழுக்க முடியும் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். 30 டன் எஞ்சினில் ஓட்டும் சக்கரங்களின் மேல் 10 டன் மட்டும் இருந்தால் இழுப்பு 2 டன். முப்பதும் அவற்றின் மேலேயே இருந்தால் 6 டன். எடை அதே, நிலக்கரியும் பெரிதாகக் கூடவில்லை, இழுப்பு மூன்று மடங்கு. கடற்காற்றில் தண்டவாளம் ஈரமானால் இந்தக் கணக்கும் குறையும். அதற்காகத்தான் எஞ்சினில் மணல் பெட்டி வைத்து, சக்கரத்தின் முன்னே உலர்ந்த மணலைத் தூவினார்கள்.

நம் பகுதிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. சமதளத்தில் மெதுவாக ஒரு டன்னை இழுக்கச் சுமார் 5 கிலோ விசை போதும். நூறடிக்கு ஓரடி ஏற்றமானால் மேலும் 10 கிலோ வேண்டும், அதாவது மூன்று மடங்கு. மானாமதுரைக்குக் கிழக்கே கண்மாய்களும் பொட்டலுமாக நிலம் சமமாகவே கிடக்கிறது.

பிரான்சு கொடுத்த இன்னொரு கொடையைச் சொல்லாமல் விடக்கூடாது. முன்பு கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றிய பம்பு, எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். கூட்ஸ் வண்டியின் தலையெழுத்தோ பக்கப் பாதையில் நிற்பது. தண்ணீர் குறைந்தால் எஞ்சினைக் கழற்றி முன்னும் பின்னும் சும்மா ஓட்ட வேண்டியிருந்தது. 1858ல் ஹென்ரி ஜிபார்டு கண்டுபிடித்த இன்ஜெக்டர், நீராவியைக் கொண்டே நின்ற நிலையில் தண்ணீரைச் செலுத்தியது. பிறகு உலகெங்கும் அது பரவியது.

கூலி இறங்கியதும் சந்தை மாறியது. பிரான்சின் தென்கோடியில் விளைந்த மலிவான ஒயின், பீப்பாய் பீப்பாயாகப் பாரிசின் பெர்சி கிடங்குகளுக்கு வந்து குவிந்தது. பாரிசைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டக்காரர்கள் அந்த விலைக்கு நிற்க முடியாமல் குறைந்து போனார்கள். எஞ்சின் எல்லோருக்கும் நன்மை செய்ததாக நாம் எழுதிவிட முடியாது.

சுதந்திரத்துக்குப் பின் நம் மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.பி., ஒய்.ஜி. எஞ்சின்களிலும் இதே கணக்குதான். பயணிகளுக்கான ஒய்.பி.க்கு 1.37 மீட்டர் சக்கரம், பிணைத்தது மூன்று ஜோடி. சரக்குக்கான ஒய்.ஜி.க்கு 1.22 மீட்டர், நான்கு ஜோடி.

ஓர் எஞ்சின், ஒரு டிரைவர், ஒரு கார்டு. இந்தச் செலவு இருபது வேகனுக்கும் ஒன்றே, நாற்பதுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே நீளமான வண்டிதான் லாபம். இந்த நியாயம் வளர்ந்து வளர்ந்து கடைசியில் நம்மிடமே வந்து முட்டியது. வேகன் நிறையாத சில்லறைச் சரக்கை ‘ஸ்மால்ஸ்’ என்று பதிவு செய்து வந்த ரயில்வே, அதைப் படிப்படியாகக் கைவிட்டு, 1980கள் முதல் முழு வண்டிச் சரக்கின் பக்கம் திரும்பியது. இன்றைய ஒரு முழு கூட்ஸ் வண்டி சுமார் 2,400 டன் ஏற்றும். ஐம்பது கிலோ மூட்டையாக 48,000 மூட்டை! சிமெண்டுக்கும் உரத்துக்கும் அது சரி. பத்து மூட்டை கருப்பட்டி அனுப்புகிறவர் லாரியைத் தவிர வேறு எங்கே போவார்? டன்னுக்குக் கணக்கிட்டால் மலிவான வழி கண்முன் ஓடுகிறது. அதில் ஏற நமக்கு இடமில்லை.

மானாமதுரை – ராமேஸ்வரம் பாதை 2007ல் அகலப் பாதையானது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. சிறு வணிகருக்கு ரயிலில் மிஞ்சியிருப்பது பார்சல்தான். பயணிகள் வண்டியின் கார்டு பெட்டியை ஒட்டிய அறையில் ஒன்றிரண்டு மூட்டைகூட அனுப்பலாம். சிலர் சேர்ந்தால் 23 டன், அதாவது 460 மூட்டை கொள்ளும் பார்சல் வேன் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். போய்ச் சேரும் நிலையத்தில் வண்டி சில நிமிடமாவது நிற்குமா, பார்சல் இறக்குவார்களா என்று முதலில் விசாரிக்கவும். மிளகாய் வற்றல் போன்ற பருமனான சரக்குக்கு எடைக்குப் பதில் கன அளவைக் கொண்டு கட்டணம் போடுவதுண்டு. மூட்டையை நன்றாக அமுக்கித் தைத்து, நீள அகல உயரம் அளந்து கொண்டு போகவும். ரசீது கைக்கு வந்ததும் சரக்கு எடுப்பவருக்கு உடனே தகவல் சொல்லி விடவும். இலவச நேரம் கடந்தால் தரை வாடகை ஏறத் தொடங்கும்.