ஊசிக்கு யார் காசு கொடுப்பது?

கேள்வி: புதிய தடுப்பூசி வந்தால் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் கைக்காசு கொடுத்துப் போடுவார்களா?
– வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: 2022-இல் நாடே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. ஏப்ரல் 10 முதல் 18–59 வயதினருக்குக் கொரோனா மூன்றாம் ஊசி தனியார் மருத்துவமனைகளில் கட்டணத்துக்கு வந்தது. மருந்து 225 ரூபாய், போடும் கட்டணம் 150 வரை. மூன்று மாதத்தில் அந்த வயதினரில் நூற்றுக்கு ஒருவர்கூடப் போடவில்லை. ஜூலை 15 முதல் 75 நாள் இலவசம் என்றதும் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022-இல் பயமும் தணிந்திருந்தது. அதைவிட, பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டும் பெண்ணுக்கு ஊசியின் விலை 375 ரூபாயோடு முடிவதில்லை. மறுநாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலியும் போகும். வாடகையும் சீட்டுப் பணமும் காத்திருக்காது.

அவர் போடும் ஊசி பக்கத்து மிஷின்காரரையும் காக்கிறது. செலவு மட்டும் ஏன் அவர் தலையில்? 2021 மே 20 அன்று 18–44 வயதினருக்கான தடுப்பூசித் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கியது உங்கள் ஊர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில்தான். ஊசி தொழிலாளியைத் தேடி வந்தது. இனியும் அப்படியே வரட்டும், ஒரு நாள் சம்பளத்தோடு.