பாரம் தூக்கும் முறை: கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க ஒரு பாடம்



தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, பாரம் தூக்கும் முறையைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எப்படி நிற்பது, எப்படிக் குனிவது, எவ்வளவு தூக்குவது என்று செய்து காட்டி, அவர்களையும் செய்யச் சொல்வார்கள். நம்முடைய வயலும் களமும் கிணற்றடியும் மாட்டுக் கொட்டகையும் வேலைத்தலம்தான். ஆனால் இங்கே யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. "மூட்டை தூக்கறதுக்குக்கூடவா படிக்கணும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

படிக்கத்தான் வேண்டும். உழைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு உடம்புதான் மூலதனம். நிலம் இல்லாவிட்டால் குத்தகைக்குப் பிடிக்கலாம். மாடு இல்லாவிட்டால் வாடகைக்குக் கேட்கலாம். முதுகு போனால் என்ன செய்வது? ஒருவர் படுத்துவிட்டால் அவருடைய பாரமும் சேர்ந்து மற்றவர் தலையில் ஏறும். ஆகவே இதை இருவரும் சேர்ந்து படியுங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் கேட்டாலும் சரி.

முதுகு எப்படிச் சுமக்கிறது?

முதுகின் அடிப்பகுதியில், இடுப்புப் பக்கம் 5 எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வோர் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல ஒரு வட்டு உண்டு. டாக்டர்கள் 'டிஸ்க்' என்று சொல்வது இதைத்தான். நிமிர்ந்து நிற்கும்போது பாரம் வட்டின்மேல் சமமாக இறங்குகிறது. முதுகை வில்லாக வளைத்துக் குனிந்தால் வட்டின் முன்பக்கம் நசுங்கி, பின்பக்கம் பிதுங்கப் பார்க்கிறது. பின்பக்கம்தான் காலுக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்தினால், புட்டத்திலிருந்து கால்வரை சுளீர் என்று இழுக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. முதுகுத் தசை, முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளி நின்று இழுக்கிறது. 20 கிலோ மூட்டையைக் கையை நீட்டி, முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரம் தசையின் தூரத்தைப்போல 10 மடங்கு. ஆகவே தசை 200 கிலோ அளவுக்கு இழுத்தால்தான் மூட்டை நிற்கும். அதே மூட்டையை வயிற்றோடு அணைத்து 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 100 கிலோ போதும். மூட்டை அதேதான், முதுகுக்குப் பாதி வேலை மிச்சம். தண்ணீர்க் குடத்தை நம் பெண்கள் இடுப்போடு ஒட்டி வைப்பதில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஒரே இடுப்பில் வைக்காமல், மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் நல்லது.

தூக்கும் முன் நான்கு கேள்விகள்

1. பாரம் எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோவும் குடத்தின் எடையும். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. யூரியா மூட்டை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. எடை தெரியாவிட்டால் ஒரு மூலையைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள், மூட்டையே சொல்லிவிடும்.

2. தூக்குகிற ஆள் யார்? பிள்ளைத்தாய்ச்சியா, பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவரா, ஏற்கெனவே முதுகுவலி உள்ளவரா, காய்ச்சலில் எழுந்தவரா? ஒருவருக்கு ஏற்ற பாரம் இன்னொருவருக்கு ஏற்காது.

3. வழி எப்படி? வரப்பு வழுக்குமா, படிக்கட்டு உண்டா, இருட்டா, காலில் கொடி தடுக்குமா? தூக்கிய பிறகு வழியைத் தேடக் கூடாது.

4. எத்தனை தடவை, எவ்வளவு தூரம்? ஒரு தடவை தூக்க முடிகிற பாரத்தை நூறு தடவை தூக்க முடியாது.

எவ்வளவுதான் தூக்கலாம் என்று கேட்பீர்கள். ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரை செய்தது. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும் என்றும் சொன்னது. 55 கிலோ என்பது கடைசி எல்லை. அவ்வளவும் தூக்கலாம் என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். அமெரிக்க நிபுணர்கள் 1991-இல் திருத்திய கணக்குப்படி, பாரம் உடம்புக்குக் கிட்டே, சரியான உயரத்தில், நல்ல கைப்பிடியோடு இருந்தால்கூட 23 கிலோதான் சிபாரிசு. தரையிலிருந்து குனிந்து எடுப்பதானால் இன்னும் குறையும்.

தூக்கும் முறை

1. பாரத்துக்குக் கிட்டே போங்கள். எட்டி நின்று இழுக்காதீர்கள்.

2. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒரு காலைச் சற்று முன்னே வையுங்கள்.

3. முட்டியையும் இடுப்பையும் மடக்கிக் குனியுங்கள். முதுகு வளையாமல் இருக்கட்டும். முழுக்கக் குந்தி உட்கார்ந்துவிடவும் வேண்டாம், எழுவது கஷ்டம்.

4. முழு உள்ளங்கையால் பிடியுங்கள். விரல் நுனியில் சாக்கின் காதைப் பிடித்தால் நழுவும்.

5. பாரத்தை வயிற்றோடு அணையுங்கள். கனமான பக்கம் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும்.

6. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுக்காதீர்கள். தலையை நிமிர்த்தி, மூச்சை விட்டபடி, கால் பலத்தால் நிதானமாக எழுங்கள்.

7. திரும்ப வேண்டுமா? இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

8. இறக்கும்போதும் இதே முறைதான். முதலில் கீழே வையுங்கள், பிறகு நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

தூங்கி எழுந்த உடனே வட்டுகள் நீர் ஊறிப் பருத்திருக்கும். அந்த நேரத்தில் ஆழமாகக் குனிந்து பாரம் தூக்கினால் சேதம் அதிகம். எழுந்ததும் சாணிக் கூடைக்கு ஓடாமல், முதலில் நடமாடி, சின்ன வேலைகளைச் செய்துவிட்டுப் பிறகு தூக்குங்கள்.

இருவர் சேர்ந்து தூக்கும்போது

கட்டளை ஒருவருடையதாகவே இருக்கட்டும். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் இருவரும் எழ வேண்டும். ஒருவர் முந்தினால் முழுப் பாரமும் ஒருவர் முதுகில் இறங்கிவிடும். இறக்கும்போதும் சொல்லிவிட்டு இறக்குங்கள்.

நெற்கட்டோ விறகுக் கட்டோ தலையில் ஏற்றுவதானால் சும்மாடு வையுங்கள். தனியாக ஏற்றிக்கொள்ள முயல வேண்டாம். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஓர் ஆள் நிற்கட்டும். கழுத்து தள்ளாடுகிறது என்றால் கட்டு பெரிது என்று பொருள். அடுத்த கட்டைச் சிறிதாகக் கட்டுங்கள்.

பாரத்தையே குறையுங்கள்

தூக்கும் முறையைப் படித்துக்கொண்டால் மட்டும் முதுகுவலி வராது என்று நினைக்க வேண்டாம். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த நிபுணர்கள், பயிற்சி மட்டும் முதுகுவலியைத் தடுத்ததாகத் தெரியவில்லை என்கிறார்கள். பயிற்சியோடு வேலையையும் மாற்ற வேண்டும். பிரிட்டனில் 1992-இல் இயற்றிய விதிகளில் இதற்கு வரிசையே வைத்தார்கள்: முடிந்த இடத்தில் கையால் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் ஆபத்து எவ்வளவு என்று பார்க்க வேண்டும், பார்த்து அதைக் குறைக்க வேண்டும்.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது?

* கிணற்றில் கப்பி போடுங்கள். கையால் சேந்துவதைவிட முதுகுக்கு நல்லது.
* குழாயடி தூரம் என்றால் குடங்களைச் சைக்கிளிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுவாருங்கள். வண்டியை இழுப்பதைவிடத் தள்ளுவது நல்லது.
* பெரிய சாக்கு நிறையக் கட்டாமல் இரண்டு சிறிய சாக்காகக் கட்டுங்கள். நடை இரண்டானாலும் முதுகு ஒன்றுதான்.
* அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், தவிட்டுச் சாக்கு இவற்றைத் தரையில் வைக்காமல் தொடை உயர மேடையில் வையுங்கள். தரையிலிருந்து எடுப்பதுதான் மிகக் கஷ்டம்.
* கட்டட வேலைக்குப் போனால் கலவைச் சட்டியை வழிய வழிய நிரப்ப விடாதீர்கள். சித்தாள்கள் எல்லாரும் சேர்ந்து மேஸ்திரியிடம் சொன்னால் நடக்கும். தனியாகச் சொன்னால் எடுபடாது.

"பாதி மூட்டை தூக்கினா ஊர் சிரிக்குமே!" என்று ஆண்கள் நினைப்பதுண்டு. முதுகு ஒடிந்து திண்ணையில் கிடக்கும்போது சிரித்த ஊர் வந்து கூலி கொடுக்காது.

கர்ப்ப காலமும் பிரசவத்துக்குப் பிறகும்

இது கணவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டிய பகுதி.

கர்ப்ப காலத்தில் மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்கின்றன. வயிறு முன்னே வந்துவிடுவதால் பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிக்க முடியாது. முன்பு போட்ட கணக்குப்படி, தூரம் கூடக் கூட முதுகின் வேலையும் கூடும். ஆகவே கனமான பாரத்தை, முக்கியமாக நிறை மாதங்களில், வேறு ஆள் தூக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளும் நார்களும் தளர்ந்திருக்கும். அவை தேற ஆறு வாரமாவது வேண்டும். அதுவரை குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்காமல் இருப்பது நல்லது. சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். பச்சை உடம்போடு குடம் சுமந்து, விறகு சுமந்து, நாற்றுக்கட்டு சுமந்தால், கர்ப்பப்பை கீழே இறங்கும் ஆபத்து கூடுகிறது. அடுத்தடுத்துப் பல பிரசவம், இளம் வயதில் பிரசவம், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவையும் இதற்குக் காரணம்.

"அடி இறங்கின மாதிரி இருக்கு" என்று அம்மாவிடம்கூடச் சொல்லக் கூசி, வருஷக்கணக்கில் மறைத்து வைக்கும் பெண்கள் உண்டு. கீழே கனம், ஏதோ பிதுங்கி வருவது போன்ற உணர்வு, இருமினால் சிறுநீர் சொட்டுவது, உட்கார்ந்தால் இடுப்பு வலி, இவை அதன் அடையாளங்கள். சகோதரிகளே, இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஆரம்பத்தில் காட்டினால் பயிற்சியாலேயே பலருக்குக் குறையும். உள்ளே வைக்கும் வளையமும், தேவையானால் அறுவை சிகிச்சையும் உண்டு.

அந்தப் பயிற்சி இதுதான்: சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல் அடிப்பகுதித் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று தடவை. சமைக்கும்போதும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்ய வேண்டாம்.

சகோதரர்களே, நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. அந்த ஆறு வாரமும் தண்ணீர்க் குடம் உங்களுடையது. "ஆம்பிளை குடம் தூக்கறான்" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அடுத்தது, மனைவியிடம் நீங்களே கேளுங்கள்: "உனக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?" பல பெண்கள் யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கிறார்கள்.

குடும்ப நல அறுவை சிகிச்சைக்குப் பிறகு

"ஆபரேஷன் செய்துகிட்டா மூட்டை தூக்க முடியாது" என்ற பேச்சால் பல ஆண்கள் தயங்குகிறார்கள். வாசக்டமியில் விந்து வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். தசையையோ எலும்பையோ தொடுவதில்லை. ஆண் ஹார்மோன் வழக்கம்போல ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே பலம் குறையாது. 48 மணி நேரம் ஓய்வு எடுத்து, பிறகு சாதாரண வேலை செய்யலாம். சைக்கிள் மிதிப்பது, பாரம் தூக்குவது ஒரு வாரத்துக்குப் பிறகு.

பெண்கள் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சையில் வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால் நாள் கூடுதலாக வேண்டும். 48 மணி நேரத்துக்குப் பிறகு இலேசான வேலை மட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு வேலைக்கு வரலாம். யார் செய்துகொள்வது என்று பேசும்போது, யார் எத்தனை நாள் பாரம் தூக்காமல் இருக்க முடியும் என்பதையும் இருவரும் சேர்ந்து யோசியுங்கள்.

வலி வந்துவிட்டால்

சாதாரண முதுகுப் பிடிப்புக்கு வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம். வலி பொறுக்கிற அளவுக்கு நடமாடினால் சீக்கிரம் குணமாகும். முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது, வெடுக்கென்று திருப்பிச் சுளுக்கு எடுப்பது இவை ஆபத்து. ஆண்களுக்கு இடுக்கில் வீக்கம் தோன்றி, இருமினால் பெரிதாகிப் படுத்தால் மறைந்தால், அது குடலிறக்கமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கால் மரத்து பலம் இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ அல்லது சிறுநீர் வராமல் போனாலோ, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீக்கம் உள்ளே போகாமல் கடுத்து வலித்தாலும் அப்படியே. 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்றே வீட்டில் செய்து பாருங்கள்

நேரான கம்பு ஒன்றை எடுங்கள். ஒருவர் நிற்க, மற்றவர் கம்பை அவர் முதுகோடு வைத்துப் பிடிக்க வேண்டும். பின்தலை, முதுகின் நடு, புட்டத்தின் மேல் என்று மூன்று இடத்தில் கம்பு பட வேண்டும். அப்படியே முட்டியையும் இடுப்பையும் மடக்கிக் குனியுங்கள். கம்பு மூன்று இடத்தையும் விட்டு விலகாவிட்டால் முதுகு சரியாக இருக்கிறது. பிறகு இருவரும் மாறிக்கொள்ளுங்கள். பத்து முறை செய்தபின் காலிக் கூடையோடும், பிறகு பாதி நிறைந்த கூடையோடும் செய்யுங்கள்.

நினைவில் வையுங்கள்

கிட்டே நில்லுங்கள், முட்டியை மடக்குங்கள், உடம்போடு அணையுங்கள், முறுக்காதீர்கள். முடிந்த இடத்தில் உருட்டுங்கள், தள்ளுங்கள், பாதியாக்குங்கள். பிரசவமான வீட்டில் ஆறு வாரம் பாரம் கணவனுடையது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். படித்து முடித்ததும் இந்தத் தாளை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.