பிட்ச் கூடினால் படகு பறக்குமா?

காவிரியில் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு ஆடியிலும் எங்கள் ஜீயபுரம் பக்கம் ஒரு வதந்தியும் சேர்ந்தே ஏறுகிறது. "பிட்ச் கூடின புரொப்பெல்லரை மாட்டிப் பாருங்க, அதே மோட்டார் பறக்கும்!" 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதிலிருந்து வெள்ளம் என்றாலே இங்கே படகுப் பேச்சு வந்துவிடுகிறது. படகுப் பேச்சு வந்தால் இந்த வதந்தியும் வந்துவிடுகிறது. அவுட்போர்டு மோட்டார்களைப் பிரித்துப் பூட்டிப் பிழைக்கிறவன் நான். சும்மா தலையாட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

நம்பிக்கை 1: பிட்ச் எவ்வளவு பெரிதோ, வேகமும் அவ்வளவு.

உண்மை: தவறு. ஆட்களை ஏற்றிய மீட்புப் படகில் இது ஆபத்தான தவறு.

பிட்ச் என்பது, துளியும் வழுக்காவிட்டால் புரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்றில் முன்னேறும் தூரம். 40 எச்.பி. மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கியர் விகிதம் 2. அதாவது இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் 5200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடினால் புரொப்பெல்லர் 2600. பிட்ச் 13 அங்குலம் என்றால் காகிதத்தில் மணிக்குச் சுமார் 51 கிலோமீட்டர். 16 அங்குலம் போட்டால் 63. வதந்தி பிறக்கும் இடம் இதுதான். பெருக்கல் சரியாக வருகிறது, ஆளும் மயங்கிவிடுகிறார்.

அந்தக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. பிட்ச் மாறினாலும் இன்ஜின் அதே 5200 சுற்றும் என்று யார் சொன்னது? ஒரு அங்குலம் பிட்ச் கூடினால் 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை இறங்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த தோராயம். மூன்று அங்குலத்துக்கு 500 போனது என்று வையுங்கள். இப்போது 4700. காகிதத்தில் கிடைத்த 12 கிலோமீட்டர் லாபத்தில் பாதி இங்கேயே தீர்ந்தது. சுற்று இறங்கினால் இன்ஜின் தரும் குதிரைத்திறனும் இறங்கும். படகு வேகமாகப் போக வேண்டுமானால் கூடுதல் திறன் வேண்டும். இருந்ததையும் குறைத்துவிட்டு வேகம் எங்கிருந்து வரும்? மிச்சமிருந்த காகித லாபம் முழுதும் வழுக்கலில் கரைகிறது.

இது ஓரிருவர் மட்டும் ஏறிய காலிப் படகின் கதை. பத்துப் பேரை ஏற்றிப் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஆட்கள் எடை மட்டுமே 650 கிலோ. அந்தப் படகு நீர்மட்டத்துக்கு மேல் எழும்பி ஓடவே ஓடாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அமிழ்ந்து, தான் கிளப்பிய அலையைத் தானே ஏற முடியாமல் உழும். நெல் மூட்டை ஏற்றிய லாரியை டாப் கியரில் பாலம் ஏறச் சொல்வது போலத்தான். கைப்பிடியை முழுதாக முறுக்கியிருக்கிறோம், இன்ஜினோ சுற்ற முடியாமல் திணறுகிறது. சிலிண்டருக்குள் சூடு ஏறுகிறது, கரி படிகிறது, கடைசியில் பிஸ்டன் ஓட்டையாகிறது. அப்படி ஓட்டையான பிஸ்டன் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. விளிம்பெல்லாம் நன்றாக இருக்க, தலையின் நடுவில் மெழுகு உருகியதுபோல் ஒரு துளை. அந்த மோட்டாரில் ஆயில் கலவை சரியாகத்தான் இருந்தது. புரொப்பெல்லர்தான் தவறு.

"அமராவதி பந்தயத்தில் ஓடினதைப் பார்த்தோமே" என்பார்கள். 2018 நவம்பரில் விஜயவாடா அருகே கிருஷ்ணா நதியில் ஃபார்முலா 1 விசைப்படகுப் பந்தயம் நடந்தது உண்மை. அந்தப் படகின் எடை சுமார் 400 கிலோ, இன்ஜின் திறன் சுமார் 400 எச்.பி., ஏறுவது ஒரே ஒருவர். கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். நம் படகில் ஆட்களின் எடையை மட்டும் கணக்கிட்டாலே ஒரு குதிரைத்திறன் 16 கிலோவை இழுக்க வேண்டும். அந்தப் படகுக்குப் பொருந்துவதை இதற்கு மாட்டச் சொல்வது அறிவீனம். அங்கேயும்கூட அன்றைய தண்ணீரையும் சுற்றுப்பாதையையும் பார்த்து, ஓட்டிப் பார்த்துத்தான் புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய எண்ணைப் பார்த்து யாரும் மாட்டுவதில்லை.

பிட்ச் கூட்டவே கூடாதா? கூட்டலாம், அதற்கும் விதி இருக்கிறது. ஒவ்வொரு மோட்டாரின் கையேட்டிலும் முழு முறுக்கில் இன்ஜின் எந்த எல்லைக்குள் சுற்ற வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பல 40 எச்.பி. மோட்டார்களுக்கு அது 4500 முதல் 5500. வழக்கமான சுமையோடு முழு முறுக்கில் ஓட்டும்போது அந்த எல்லையைத் தாண்டிச் சுற்றினால் பிட்ச் கூட்டுங்கள். எல்லையைத் தொடவே இல்லையென்றால் குறையுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியது ஆர்.பி.எம். மீட்டர். டீக்கடைக்கு அந்த வேலை இல்லை.

நம்பிக்கை 2: கியர் விகிதத்தில் எண் பெரிதானால் வேகம் கூடும்.

உண்மை: நேர் எதிர். மெர்க்குரியின் 60 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார் இரண்டு விதக் கியரில் வருகிறது. சாதாரண வகைக்கு 1.83, 'கமாண்ட் த்ரஸ்ட்' வகைக்கு 2.33. இன்ஜின் 5500 சுற்றினால் முதல் வகையில் புரொப்பெல்லர் சுமார் 3000 சுற்றும், இரண்டாவதில் சுமார் 2360. இரண்டாவது மெதுவாகச் சுற்றினாலும் முறுக்குவிசை அதிகம். அதனால் விட்டம் பெரிய புரொப்பெல்லரைச் சுழற்றி, கனமான படகைத் தள்ள முடிகிறது. வலை இழுக்கும் விசைப்படகுகளில் கியர்பாக்ஸ் போட்டுச் சுற்றைக் குறைத்து, பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். லேசான படகு, வேகம் வேண்டும் என்றால் சின்ன எண். சுமையும் எதிர்நீரும் என்றால் பெரிய எண். கியரை முடிவு செய்யாமல் பிட்ச் பேசுவதில் பொருளே இல்லை.

நம்பிக்கை 3: ஸ்டீல் புரொப்பெல்லர் எல்லா இடத்துக்கும் நல்லது.

உண்மை: துருப்பிடிக்காத எஃகு வளையாது, இறக்கையை மெல்லியதாக வார்க்கலாம், ஆழமான நீரில் அது சிறப்பு. எங்கள் ஆற்றில் மணல் திட்டும், மூழ்கிய கருங்கல்லும், வெள்ளத்தில் வரும் மரமும் உண்டு. கல்லில் மோதினால் அலுமினிய இறக்கை வளைந்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். எஃகு அந்த அடியை உள்ளே ஷாஃப்டுக்கும் கியர் பல்லுக்கும் கடத்தும். ஆற்றுக்கு அலுமினியம்தான், கூடவே ஒரு மாற்றுப் புரொப்பெல்லர்.

நம்பிக்கை 4: நான்கு இறக்கை என்றால் வேகம் போய்விடும்.

உண்மை: உச்ச வேகம் கொஞ்சம் குறையலாம். ஆனால் தண்ணீரைப் பிடித்து எழும்பும் திறன் கூடும், திருப்பத்தில் நழுவாது. மீட்புப் படகுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம்பிக்கை 5: இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை. பிட்ச் போதவில்லை.

உண்மை: முதலில் புரொப்பெல்லருக்கு நடுவிலுள்ள ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். அது தேய்ந்தால் உள்ளே ஷாஃப்ட் சுற்றும், வெளியே இறக்கை சுற்றாது. உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயிண்டால் ஒரு நேர்கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். கரைக்கு வந்து பார்க்கும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. கோடு நேராகவே இருந்தால், மோட்டார் உயரமாக மாட்டப்பட்டு மேற்பரப்புக் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, ஏறத்தாழப் படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும்.

மீட்புப் படகு வாங்கும் ஊராட்சிகளையும், துறைகளையும், தொண்டு அமைப்புகளையும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பூஜை போட்டு, நாலு பேரை உட்கார வைத்து ஒரு வட்டம் அடித்துப் படம் எடுத்துக்கொள்வது சோதனை ஆகாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஆர்.பி.எம். மீட்டர் மாட்டுங்கள். படகின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான தேதி ஜூன் 12. அதற்கு முன்பே படகில் ஏற வேண்டிய முழு எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, முழு முறுக்கில், ஓட்டத்துக்கு எதிராக ஓட்டிப் பாருங்கள். வேகத்தைக் கையிலுள்ள செல்போனே சொல்லும். இன்ஜின் சுற்றையும், வேகத்தையும், பிட்ச் எண்ணையும் படகின் உள்பக்கமே பெயிண்டால் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு ஓட்டுநர் வந்தாலும் அவருக்கு ஊகம் தேவைப்படாது. இந்தச் சோதனையில் தேறாத படகில் 'மீட்பு' என்று எழுதாதீர்கள். அதை நம்பி ஏறுகிறவர்களுக்கு நீச்சல் தெரியாமல் இருக்கலாம்.