சீனியும் சிகையும்: ஒரு செய்முறைப் பாடம்



பேரவை மலருக்கு என்ன எழுதலாம் என்று எங்கள் வேதியியல் மேடத்திடம் கேட்டேன். "உனக்கு நல்லாத் தெரிஞ்சதை எழுது" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது நான் செய்த ஒரு தப்புதான். அதையே பாடமாக எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, மறந்துவிடாதீர்கள்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் உள்ள முக்கூடல். ஆச்சி பீடி சுற்றினாள், அம்மாவும் பீடி சுற்றுகிறாள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி டிப்ளமோ படிக்க வந்தது நான் ஒருத்திதான். அதனால் வீட்டில் எனக்குப் "படிச்ச புள்ள" என்றே பெயர். கரண்ட் பில் வந்தாலும் மாத்திரை அட்டை வந்தாலும் என் கையில்தான் நீட்டுவார்கள். நானும் எல்லாம் தெரிந்த மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரச்சினை

சீவும்போது உதிரும் முடியைச் சுருட்டி ஓட்டுச் சந்தில் சொருகி வைப்பது அம்மாவின் வழக்கம். முடி வாங்க வருகிறவரிடம் அதைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவாள். முன்பெல்லாம் ஒரு கிண்ணத்துக்குச் சேர ஒரு வருடம் ஆகும். போன வருடம் நாலே மாதத்தில் சந்து நிறைந்துவிட்டது. சுளகில் தூளோடு முடியும் கிடந்தது. பீடியில் முடி சிக்கினால் கழித்துவிடுவார்கள், கூலியும் குறையும். அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் கல்லூரி நூலகத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. நம் உடம்பிலேயே இருக்கும் ஒரு வகைச் சர்க்கரையைத் தடவினால் முடி வளருகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்களாம்! முழுவதையும் படிக்கவில்லை. "சர்க்கரை" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

நான் செய்த சோதனை

தேவையான பொருட்கள்: சீனி 100 கிராம், கற்றாழைச் சோறு ஒரு மடல், வெந்நீர், அம்மாவின் தலை.

செய்முறை: சீனியைப் பாகு பதத்துக்கு முன்னால் இறக்கி, கற்றாழையோடு அடித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவி, ஒரு மணி நேரம் கழித்து அலச வேண்டும்.

"ஏட்டி, எறும்பு மொய்க்காதா?" என்று கேட்டாள் அம்மா. "அதெல்லாம் மொய்க்காது, விஞ்ஞானிகளே சொல்லியிருக்காங்க" என்றேன். "சரி, நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தாம்ட்டி இருக்கும்" என்று தலையைக் குனிந்தாள்.

ஒன்று மட்டும் ஒழுங்காகச் செய்தேன். தினமும் சீப்பில் வந்த முடியை எண்ணி நோட்டில் எழுதினேன். தடவுவதற்கு முந்திய வாரம் ஒரு நாளைக்குச் சராசரி 180. மூன்று வாரம் தடவிய பிறகு 176. தலையணையில் எறும்பு, தலையில் அரிப்பு. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

எந்தச் சீனி?

நோட்டை மேடத்திடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "சீனின்னு சொன்னியே, எந்தச் சீனிம்மா?" என்பதுதான். அங்கேதான் என் பாடம் தொடங்கியது.

வேதியியலில் சர்க்கரை என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். நாம் காப்பியில் போடும் சீனி சுக்ரோஸ். அதன் ஒரு மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோர்த்த இரட்டைச் சர்க்கரை அது. செய்தியில் வந்ததோ 2-டீஆக்சி-டி-ரைபோஸ். அதில் 5 கார்பன், 10 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் மட்டும். ரைபோஸ் என்ற சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் குறைந்தால் டீஆக்சிரைபோஸ். டி.என்.ஏ. என்ற பெயரின் முதல் எழுத்தே இதைத்தான் குறிக்கிறது. டி.என்.ஏ.யில் இந்தச் சர்க்கரை இருப்பதை 1929-இல் அடையாளம் கண்டவர் ஃபீபஸ் லெவீன்.

இரண்டுக்கும் பெயரில்தான் உறவு. மேலும், சீனி தண்ணீரில் கரையும் பொருள். நம் தோலின் மேல் அடுக்கோ எண்ணெய்ப் பசை உள்ளது. சீனிப்பாகு அதைத் தாண்டி முடியின் வேர் வரை எளிதில் போகாது. மேலேயே நின்று பிசுபிசுக்கும். நான் ஒரு பூட்டுக்கு வேறொரு பூட்டின் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்!

ஆராய்ச்சி உண்மையில் சொன்னது என்ன?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பாகிஸ்தானின் காம்சாட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. 2024 ஜூனில் வெளிவந்தது. அவர்கள் முடியைத் தேடிப் போகவில்லை. இந்தச் சர்க்கரை புண்ணை ஆற்றுமா என்று எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புண்ணைச் சுற்றி முடி வேகமாக வளருவதைக் கவனித்தார்கள். பிறகு ஆண் சுண்டெலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து வழுக்கை போன்ற நிலையை உண்டாக்கி, சர்க்கரையை ஒரு ஜெல்லில் கலந்து தடவினார்கள். புதிய ரத்தக் குழாய்கள் உண்டாகி முடி வளர்ந்தது. மினாக்சிடில் என்ற மருந்தின் பலனில் 80 முதல் 90 சதவீதம் கிடைத்தது என்றார்கள்.

அந்த மினாக்சிடிலின் கதையும் இப்படித்தான். முதலில் அது ரத்த அழுத்த மாத்திரை. 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடமெல்லாம் முடி முளைக்கவே, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்து, 1988-இல் தலையில் தடவும் மருந்தாக அனுமதித்தார்கள். கவனியுங்கள்: மினாக்சிடில் மனிதத் தலையில் சோதித்த பிறகு கடைக்கு வந்தது. சர்க்கரை ஜெல் ஆராய்ச்சி 2024-இல் சொன்னது சுண்டெலியின் முதுகைப் பற்றி மட்டும்தான்.

எலி முதுகும் நம் தலையும் ஒன்றல்ல. சுண்டெலியின் முதுகில் முடிகள் கூட்டமாக ஒரே நேரத்தில் ஓய்வெடுத்து, ஒரே நேரத்தில் வளரும். நம் தலையில் ஒவ்வொரு முடிக்கும் தனித்தனிக் கணக்கு.

ஆனாலும் செய்தி வந்த பிறகு, வெளிநாடுகளில் பலர் அந்தச் சர்க்கரைப் பொடியை வரவழைத்து வீட்டிலேயே ஜெல் கலந்து தடவ ஆரம்பித்துவிட்டார்கள். நம் விடுதி நண்பர்கள் சிலரும் விலை விசாரித்ததாகக் கேள்வி! நம் லேபில் இருக்கும் பாட்டில்களைப் பாருங்கள். ஆய்வக உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருக்கும். அளவு என்ன, என்ன கலப்படம், எத்தனை நாளில் கெடும் என்று தெரியாததைத் தலையில் வைப்பது சோதனை அல்ல, சூதாட்டம்.

முடியின் கணக்கு

மேடம் கேட்ட இரண்டாவது கேள்வி: "மூணு வாரத்துல என்ன தெரியும்னு நினைச்சே?" இதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வரை வளரும், மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிரும். எந்த நேரத்திலும் நூற்றுக்குப் பத்து முடி ஓய்வில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்தில் பத்தாயிரம். அது நூறு நாளில் உதிர வேண்டும். ஒரு நாளைக்கு நூறு! தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுதான் அர்த்தம்.

காய்ச்சல், பிரசவம், பட்டினி, ரத்தக்குறைவு என்று உடம்புக்கு ஓர் அடி விழுந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். இன்று சீப்பில் வரும் முடியின் தீர்ப்பு என்றைக்கோ எழுதப்பட்டுவிட்டது. இன்று தடவும் பாகு அதை மாற்ற முடியாது.

நாட்டு வைத்தியம் "கேட்டது" என்று பலர் சொல்வதன் ரகசியமும் இதில் பாதி இருக்கிறது. காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடி, காரணம் நீங்கினால் சில மாதத்தில் தானாகவே நிற்கும். கொட்டும்போதுதான் நாம் எண்ணெய் காய்ச்சுகிறோம். நின்றதும் எண்ணெய்க்குப் பெயர் கிடைக்கிறது. எண்ணெயைக் குறை சொல்லவில்லை. எண்ணெய் தடவாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்தால்தான் சோதனை முழுமை பெறும். தடவிய கூட்டம் ஒன்று, தடவாத கூட்டம் ஒன்று என்று வைத்து ஒப்பிட வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே தலை.

உண்மையான காரணம்

கடைசியாக மேடம் கேட்டார்: "அம்மாவுக்கு முடி ஏன் கொட்டுதுன்னு பார்த்தியா? கண்ணுக்குக் கீழ் இமையை இழுத்துப் பாரு."

அன்று இரவு பார்த்தேன். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிக் கிடந்தது. அப்போதுதான் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆற்றில் துணி துவைத்துவிட்டுப் படியேறும்போது அம்மா பாதியில் உட்கார்ந்துவிடுவாள். "வயசாகுதுல்லா" என்பாள். அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு.

மறுநாள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பிணியல்லாத பெண்களுக்கு 12 கிராம் இருக்க வேண்டும். டாக்டரம்மா கேட்ட கேள்விகளில் மாதவிலக்கு பற்றியும் ஒன்று. மூன்று வருடமாக ரத்தப்போக்கு மிக அதிகம் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். பக்கத்திலேயே படுக்கிற எனக்குத் தெரியாது! பாகு தடவத் தெரிந்த எனக்கு, "ஒனக்கு ஒடம்புக்கு என்னம்மா" என்று கேட்கத் தெரியவில்லை.

உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும், ஆக்சிஜன் ஓட்டமும் குறையும். அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் இருப்பதைப் போட்டுக்கொள்வாள். உடம்பும் அப்படித்தான், மூளைக்கும் இருதயத்துக்கும் கொடுத்த பிறகுதான் முடியைப் பார்க்கும். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்.

இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். ரத்தப்போக்குக்குத் தனியாக வைத்தியம் தொடங்கினார்கள். மாத்திரையோடு டீ, காப்பி குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ நல்லது என்று நர்ஸ் அக்கா சொன்னார். நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.2. சீப்பில் வரும் முடி சராசரி 85.

இதுவும் ஒரே தலைதான். ஆகவே முடி கொட்டுகிற எல்லாரும் இரும்பு மாத்திரை தின்னுங்கள் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு கோளாறாக இருக்கலாம், தோல் நோயாக இருக்கலாம். நம் பையன்களுக்கு நெற்றி ஏறுவது பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்த விஷயம். அதற்கு மினாக்சிடில் போன்ற சோதிக்கப்பட்ட மருந்துகள் இருக்கின்றன, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். மருந்துக்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முடிவு

நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நாம் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அதனால் நாம் பாதிச் செய்தியைப் படித்துவிட்டுப் பேசக்கூடாது. எந்தப் பொருள், யாரிடம் சோதித்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை நாள், இந்த நாலையும் கேட்டுவிட்டுப் பேசுவோம்.

மாதவிலக்கு விஷயத்தை மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். "எழுதுட்டி, நாலு புள்ளைய அவங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவும்லா" என்றாள் அம்மா. பிறகு சிரித்துக்கொண்டே, "இனிமே எதைக் கண்டுபிடிச்சாலும் மொதல்ல ஒன் தலையில வச்சுப் பாரு" என்றாள்.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்.